அலசாத சரடு

காசிமிராவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சான் எலிஹியோ ஊரில் இருபது வருடமாகத் தேர்தலில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பது அவள் கையில்தான் இருந்தது. பேச்சுக்குச் சொல்வதில்லை இது. அந்த முடிச்சுகளைப் போட்டது அவளுடைய விரல்கள்தான். அதில் அவளுக்குப் பெருமையும் இல்லை, ஆரம்பத்தில் பாரமும் இல்லை. சாக்குத் தைப்பதுபோல அதுவும் ஒரு கைவேலை என்று இருந்தாள்.

சாக்குத் தைப்பதுதான் அவளுடைய பிழைப்பு. பருத்தி எடுக்கிறவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு, செடி வரிசைகளுக்கு நடுவே பாம்புபோல் பின்னால் இழுத்துப் போவார்களே, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளமான கித்தான் சாக்கு, அது. டெக்சாஸின் அந்தக் கோடியில் ஜூலை மாதம் பிறந்தால் சின்னது பெரியது என்று பார்க்காமல் எல்லாரும் சாக்கோடு பருத்திக் காட்டில் இருப்பார்கள். வேறு யார் தைத்த சாக்கானாலும் பத்து நாளில் வாய் கோணிக்கொள்ளும், தோள்பட்டை சுருண்டு சதையை அறுக்கும். காசிமிராவின் சாக்கு அறுக்காது. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பருத்திச் சரடு வேர்வை பட்டால் சுருங்கும். ஆகவே ஆலையிலிருந்து வரும் உருளையைப் பிரித்து, கார சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, அலசி, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைப்பாள். சுருங்க வேண்டியது அங்கேயே சுருங்கிவிடும். அதற்கப்புறம்தான் ஊசியில் கோப்பாள். மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

தேர்தலுக்கும் அதே சரடுதான். தண்டவாளத்துக்குக் கிழக்கே இருந்த மெக்சிக்கக் குடும்பங்களில் முக்கால்வாசி ஹாலிஸ் முதலாளியின் நிலத்தில் வேலை செய்தவை. ஓட்டுப் போட வேண்டுமானால் தலைவரி கட்ட வேண்டும். அவர்களுக்கு அதை முதலாளியே கட்டினார். ரசீதுகள் கங்காணியின் பிஸ்கட் டப்பாவில் இருக்கும். தேர்தலன்று காலையில் ஆளுக்கொன்றாகக் கையில் வரும், மாலையில் டப்பாவுக்கே திரும்பிப் போகும். ஓட்டுச் சீட்டு ஒரு முழத்துக்கு மேல் நீளம். அந்தக் காலத்தில் வேண்டாத பெயரைக் கோடு போட்டு அடிப்பதுதான் அங்கே முறை. படிக்கத் தெரியாதவன் எந்தப் பெயரை என்று கண்டான்? அதற்குத்தான் சரடு. சீட்டின் மேல் விளிம்பில் ஒரு நுனியைப் பிடித்துக் கீழே தொங்கவிட வேண்டும். முடிச்சு எந்தப் பெயருக்கு நேரே நிற்கிறதோ அந்தப் பெயரை அடிக்க வேண்டும். இருநூற்றுப் பத்துப் பேருக்கு இருநூற்றுப் பத்துச் சரடு.

மாதிரிச் சீட்டைக் கொண்டுவந்து கொடுப்பவர் கங்காணி நசாரியோ. எட்டு வருடத்துக்கு முன்னால் காசிமிராவின் புருஷன் நெஞ்சுச் சளியில் இருமி இருமிச் செத்தபோது, முதலாளியின் கிடங்குக்குச் சாக்குத் தைக்கும் வேலையை அவளுக்கு வாங்கித் தந்தவர் அவர்தான். அவளுடைய மகள் ஓத்திலாவைக் கோயிலில் கையில் ஏந்தி நின்று ஞானத்தகப்பன் ஆனவரும் அவர்தான். அந்த உறவு அங்கே கூடப்பிறந்த உறவைவிடக் கெட்டி. பிள்ளையின் தாயை ஞானத்தகப்பன் "கொமாத்ரே" என்பார், அவள் அவரை "கொம்பாத்ரே" என்பாள். அப்படி அழைத்துக்கொண்டவர்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லக்கூடாது, ஒருவர் பேரை ஒருவர் சந்தியில் இழுக்கக்கூடாது.

பதினாறு வருடத்துக்கு முன்னால் பவுஸ்தீனோ என்று ஒரு ரொட்டிக் கடைக்காரர் முதலாளியின் ஆளுக்கு எதிராக நின்றார். நசாரியோ புள்ளி வைத்த இடத்தில் காசிமிரா முடிச்சுப் போட்டாள். மேலிருந்து ஒரு சாண், நாலு விரல். பவுஸ்தீனோ தோற்றார். தோற்றதோடு சும்மா இருக்கவில்லை, பெட்டியைத் திறந்து மறுபடி எண்ணச் சொல்லிக் கோர்ட்டுப் படியேறினார். மூன்றாவது வாரம் பாசன வாய்க்காலின் மதகுக் கம்பியில் மாட்டிக் கிடந்தார். அங்கே போலீசுக்குத் தலைவர் ஷெரீஃப், அவரும் முதலாளியின் ஆள். தவறி விழுந்தார் என்று ஷெரீஃப் எழுதிக்கொண்டார். தோற்றவன் செத்தால் யார் வந்து கேட்பார்கள்? யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு சாண் நாலு விரல் அதற்கப்புறம் காசிமிராவின் கையை விட்டுப் போகவில்லை. துணி அளந்தாலும், மாவு பிசைந்தாலும், அந்த நீளம் வந்தால் அவள் விரல் ஒரு நொடி நிற்கும்.

அவளுக்கு ஒரே தம்பி, லிப்ராதோ. அம்மா போனபிறகு இவள் வளர்த்த பிள்ளை. போருக்குப் போனான். இத்தாலியில் பாலம் கட்டும் படையில் இருந்தான். இடக்கையில் இரண்டு விரலை அங்கே விட்டுவிட்டு, சட்டையில் இரண்டு பதக்கத்தோடு வந்தான். வந்த முதல் சனிக்கிழமை, தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த கடையில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தான். பதக்கத்தைப் பார்த்துவிட்டு, "மெக்சிக்கனுக்கு இங்கே கத்தி இல்லை" என்றார்களாம். அவன் சண்டை போடவில்லை. எழுந்து வந்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் சிரிப்பு மாறிப்போனது என்று காசிமிரா சொல்வாள். திரும்பிவந்த ராணுவத்தார் பதினோரு பேர், தொப்பி வைத்துக்கொண்டு, பவுஸ்தீனோவின் பழைய ரொட்டிக் கடைக்குப் பின்னால் வியாழக்கிழமைதோறும் கூட ஆரம்பித்தார்கள். பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் தள்ளுவது பற்றி, சேற்றில் ஆம்புலன்ஸ் வராதது பற்றி, கோர்ட்டில் ஒரு மெக்சிக்கனைக்கூட ஜூரியில் உட்காரவிடாதது பற்றி மனு எழுதினார்கள். மனுக்கள் போயின. பதில் வரவில்லை.

போர் முடிந்து ஐந்தாவது வருடம், ஜனவரித் தொடக்கத்தில் ஒரு நாள், அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது அவன் வந்து கதவு நிலையில் சாய்ந்தான்.

"அக்கா, நான் கமிஷனருக்கு நிக்கப் போறேன்."

"நின்னா கால் வலிக்கும். உக்காந்து சாப்பிடு."

"விளையாடாத."

"நானா விளையாடுறேன்? டாகர்ட்டுக்கு எதிரா நிக்கிறவன் விளையாடுறானா, ரொட்டி சுடுறவ விளையாடுறாளா?"

டாகர்ட் முதலாளியின் ஆள். ரோடு, பாலம், சாக்கடை எல்லாம் கமிஷனர் கையில். பன்னிரண்டு வருடமாக டாகர்ட் கையில்.

"இத்தாலியில பதிமூணு மணி நேரத்துல ஒரு பாலம் போட்டோம். கீழ தண்ணி, மேல குண்டு. இங்க நம்ம தெருவுக்கு ஒரு மதகு வைக்கச் சொல்லி அஞ்சு வருஷமா மனு குடுக்குறேன். நின்ன தண்ணியில போன வருஷம் ஏழு குழந்தைங்க பேதியில போச்சு. டாகர்ட் என்ன சொல்றான் தெரியுமா? 'உங்க பசங்களுக்குத்தான் சேறு பழக்கமாச்சே'ங்கிறான்."

"பவுஸ்தீனோவை மறந்துட்டியா?"

"மறக்கல. அவர் தனியா நின்னாரு. நாங்க பதினோரு பேரு."

"பதினோரு பேருக்கும் வாய்க்கால்ல இடம் இருக்குடா."

அவன் ஒரு ரொட்டியை எடுத்துச் சுருட்டி வாயில் வைத்தான். மென்றுகொண்டே, "ஒரு சத்தியம் பண்ணு, அக்கா. எனக்காக எதுவும் பண்ணாத. யாரு காலையும் பிடிக்காத. ஒரு ஓட்டுகூடத் திருட்டு ஓட்டா எனக்கு வேணாம்" என்றான்.

"சூடா இருக்கு, மெதுவாத் தின்னு" என்றாள். சத்தியம் பண்ணவில்லை.

பதினோரு பேரும் வீடு வீடாகப் போய், கேக் விற்று, சீட்டுக் குலுக்கி, சொந்தக் காசில் தலைவரி கட்டச் சொல்லி ஆள் சேர்த்தார்கள். நூற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தது. அந்தப் பக்கம் டப்பாவில் இருநூற்றுப் பத்து. மேற்கே வெள்ளைக்காரர்களில் ஒரு இருபது முப்பது பேர் டாகர்ட் மேல் கோபமாக இருந்தார்கள், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத காசிமிராவுக்கே அந்தக் கணக்கு போதுமான அளவு தெரிந்தது. அதே வாரம் ஷெரீஃபின் கார் லிப்ராதோ வீட்டு முன்னால் நிற்க ஆரம்பித்தது. யாரும் இறங்குவதில்லை. கால் மணி நேரம் நிற்கும், போய்விடும். மூன்றாவது நாள் லிப்ராதோவின் நாய் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு நாய். கிழக்குத் தெருவில் ஆட்கள் வேலிக்கதவை உள்பக்கமாகக் கட்ட ஆரம்பித்தார்கள்.

ஜூலை பிறந்ததும் நசாரியோ வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, மாதிரிச் சீட்டைத் தையல் பலகையில் விரித்தார். ஓத்திலா ஓடிவந்து அவர் கையை முத்தமிட்டாள். சட்டைப் பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். ஒன்பது வயசாகியும் ஒன்றாம் வகுப்பிலேயே மூன்றாவது வருடம் உட்கார்ந்திருந்த பிள்ளை அது. இங்கிலீஷ் வரும்வரை மேலே ஏற்ற மாட்டார்களாம்.

"என் ஞானப்புள்ள இன்னும் ஒண்ணாங்கிளாஸ்தானா?"

"அங்கேயே கல்யாணம் பண்ணிக் குடுத்துடலாம்னு இருக்கேன், கொம்பாத்ரே."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பென்சிலை எடுத்தார். "கொமாத்ரே, இந்த வருஷம் வேற யாருகிட்டயாவது குடுத்திருப்பேன். கட்டத் தெரிஞ்ச கை வேற இல்ல."

"புள்ளி வைங்க."

"ஷெரீஃப்ல இது. ஜட்ஜுல இது. கமிஷனர்ல..." பென்சில் நின்றது. "மேல இருக்கிறது டாகர்ட். கீழ இருக்கிறது நம்ம பையன்."

"முடிச்சு கீழயா?"

"கீழ."

இரண்டு சாண், நாலு விரல். சீட்டின் அடியோரம். அவள் அளந்துகொண்டாள். பிறகு கேட்டாள்.

"தோத்துட்டா அவனை விட்டுடுவாங்களா?"

"தோத்துட்டு வாயை மூடிட்டு இருந்தா விட்டுடுவாங்க."

"அவன் மூட மாட்டானே."

"தெரியும்" என்றார் நசாரியோ. "நானும் சொல்லிப் பார்த்துட்டேன். மரத்துகிட்டச் சொன்ன மாதிரி இருக்கு. உங்க குடும்பமே அப்படித்தான்." எழுந்து தொப்பியை மாட்டினார். வாசலில் நின்று, திரும்பாமலே, "பவுஸ்தீனோ தோத்ததுதான் தப்பு. ஜெயிச்சிருந்தா தொட்டிருக்க மாட்டாங்க. நாற்காலியில உக்காந்தவன் செத்தா தலைநகர் ஆஸ்டின்ல இருந்து ஆளு வருவான்" என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்ததோ என்னவோ.

அந்தப் பகல் முழுக்கக் காசிமிரா அதையே மென்றாள். சாயங்காலம் அண்டாவில் தண்ணீர் ஏற்றி, அடுப்பை மூட்டி, சோப்பைச் சீவிப் போட்டாள். சரட்டு உருளையைக் கையில் எடுத்தாள். தண்ணீர் கொதித்தது. கொதிக்கட்டும் என்று நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு உருளையைப் பலகைமேல் வைத்துவிட்டு, கொதித்த சோப்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வேலியோரம் கொட்டினாள்.

மறுநாள் காலையில் சோதித்துப் பார்த்தாள். அலசாத சரட்டில் ஒன்றை வெட்டி, சீட்டோடு வைத்து, புள்ளிக்குப் புள்ளி சரியாக முடிச்சிட்டாள். பிறகு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் கரைத்து அதில் நனைத்து, ஓத்திலாவின் வைக்கோல் தொப்பிப் பட்டைக்குள் செருகி வெயிலில் வைத்தாள். காய்ந்தது. மறுபடி நனைத்தாள், மறுபடி காயவைத்தாள். மதியம் எடுத்துச் சீட்டின் மேல் தொங்கவிட்டாள். மேலே இருந்த ஷெரீஃப் முடிச்சு மயிரிழைதான் நகர்ந்திருந்தது, அதே பெயரில்தான் நின்றது. ஜட்ஜ் முடிச்சும் அப்படித்தான். ஆனால் நீளம் கூடக்கூடச் சுருக்கமும் கூடும் அல்லவா? அடியோரத்து முடிச்சு அரை விரல் மேலே ஏறி, டாகர்ட்டின் பெயருக்கு நேராக நின்றது.

எல்லாரும் சரட்டைத் தொப்பிப் பட்டைக்குள்தான் வைப்பார்கள், அது பழக்கம். பருத்திக் காட்டில் ஜூலை வெயிலில் தொப்பிப் பட்டை நனையாத மனிதன் உண்டா?

அவள் ஒரு முடிச்சையும் தப்பாகப் போடவில்லை. இருநூற்றுப் பத்தும் கங்காணி வைத்த புள்ளிக்குக் கடுகளவு பிசகாமல் போட்டாள். அலச மட்டும் இல்லை. இதைக் கள்ளத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்த இருநூற்றுப் பத்து ஓட்டும் முன்னால் மட்டும் யாருடையதாக இருந்ததாம்?

புதன்கிழமை நசாரியோ வாங்க வந்தார். எப்போதும்போல ஒரு சரட்டை உருவி மாதிரிச் சீட்டில் தொங்கவிட்டுப் பார்த்தார். மூன்று முடிச்சும் மூன்று புள்ளியில் உட்கார்ந்தன. சுருட்டி வைக்கப்போனவர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"சோப்பு வாசனை இல்லையே, கொமாத்ரே."

"புது உருளை."

"கஞ்சி போட்ட மாதிரி முரடா இருக்கு."

"உங்க கை மட்டும் பட்டா? வயசாகுது, எல்லாம் முரடாத்தான் தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோக்க முடியவில்லை. மூன்று முறை தப்பியது. "கொமாத்ரே கையால கட்டினதைச் சந்தேகப்படலாமா" என்று அவர் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிக் கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

தேர்தலன்று சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து மதியம்வரை காட்டில் வேலை, பிறகு லாரியில் ஏற்றி நேராகப் பள்ளிக்கூடத்துக்கு. பதினோரு ராணுவத்தாரும் தொப்பியோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றார்கள். கிட்டே வந்தால் பிடித்து உள்ளே போடுவேன் என்று ஷெரீஃப் சொல்லியிருந்தார். அவர் ஆட்கள் இரண்டு பேர் படிக்கட்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்கள். லாரியிலிருந்து இறங்கியவர்களின் சட்டையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. நசாரியோ டப்பாவைத் திறந்து ரசீதுகளைக் கொடுத்தார். தம்பி நிற்கும் பக்கம் காசிமிரா பார்க்கவில்லை. அவளும் வரிசையில்தான் நின்றாள், அவள் சரடு முந்தாநாளிலிருந்து ரவிக்கைக்குள் வேர்வையில் ஊறிக் கிடந்தது.

அவளுக்கு முன்னால் நின்ற கிழவர் ஒருவர் தொப்பியிலிருந்து தன் சரட்டை உருவினார். பக்கத்தில் இருந்த மருமகனின் சரடு காய்ந்தபடி இருந்தது. அவன் புத்திசாலி, சட்டைப் பையில் வைத்திருந்தான். இரண்டையும் சேர்த்துப் பிடித்த கிழவர், "இதென்ன, எனக்கு மட்டும் குட்டையாக் குடுத்திருக்கீங்க?" என்றார்.

படிக்கட்டில் தர்பூசணி தின்றவன் தலையைத் தூக்கினான். நசாரியோ இரண்டு எட்டில் வந்து கிழவரின் கையிலிருந்த இரண்டு சரடுகளையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன் நாக்குக்கு ஏத்த நீளத்துல சரடு கட்ட ஆலையில நூல் பத்தாது, பெரியவரே. உள்ள போ" என்றார். வரிசை சிரித்தது. படிக்கட்டில் இருந்தவனும் சிரித்துவிட்டு மறுபடி குனிந்து தின்றான். நசாரியோ அந்த இன்னொரு சரட்டை மருமகனிடமே கொடுத்தார். காசிமிராவின் முறை வந்தபோது ரசீதை அவள் கையில் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே அவள் சரட்டைத் தொங்கவிட்டாள். முடிச்சு மேல் பெயரில் நின்றது. பென்சிலைப் பிடித்து ஒரு கோடு இழுத்தாள். அழுத்திப் போட்டதில் காகிதம் கிழியப் பார்த்தது.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது சேதி வந்தது. லிப்ராதோ நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்திருந்தான். இது கட்சிக்குள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்தான், ஆனால் நவம்பர் பொதுத்தேர்தலில் எதிர்க்க ஆள் கிடையாது, ஜனவரியில் பதவி ஏற்பு. மற்றப் பத்துப் பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் மேலே இருந்தபடியே அக்காவைத் தேடினான். அவள் கையை அசைத்தாள். ஆள் கூட்டத்தின் ஓரத்தில், மரத்தடியில், ஷெரீஃப் கார் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்காகப் போட்ட முடிச்சு பெயர் மாறவில்லை. அவர் ஜெயித்திருந்தார்.

திங்கட்கிழமை காலையில் நசாரியோ வந்தார். மிட்டாய் இல்லை, தொப்பியையும் கழற்றவில்லை. சட்டைப் பையிலிருந்து காய்ந்த சரடு ஒன்றை எடுத்துச் சீட்டின் மேல் பிடித்துக் காட்டினார். பிறகு அவளுடைய தண்ணீர் வாளியில் போட்டார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வாளியைப் பார்த்தார்கள். வெளியே ஓத்திலா கோழிகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பிழிந்து, வாசல் வெயிலில் விரித்து, காயவிட்டு, மறுபடி சீட்டின் மேல் பிடித்தார்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

நசாரியோ சீட்டை மடித்தார். "முதலாளி கேக்குறாரு, யாரு கட்டினதுன்னு. இத்தனை வருஷமா அவருக்குத் தெரியாது. என் பெண்டாட்டி எர்மீனியா கட்டுறான்னு நினைச்சிட்டு இருந்தாரு."

"என் பேரைச் சொல்லுங்க."

"சொன்னா? நீ வேணும்னே பண்ணதுன்னு வந்தா, பெட்டியே செல்லாதும்பாங்க. மறுதேர்தல். பையன் தோப்பான். அப்புறம் வாய்க்கால்."

காசிமிரா வாளியைத் தூக்கித் தண்ணீரை வாசலில் கொட்டினாள்.

"அந்தக் குழந்தையை ஞானஸ்நானத் தொட்டி முன்னாடி ஏந்தி நின்னவன் நான்" என்றார் நசாரியோ. "மில்காரன் மட்டமான நூல் அனுப்பிட்டான்னு சொல்லியிருக்கேன்."

"நம்பினாரா?"

"கேட்டுக்கிட்டாரு."

சுருங்கிய சரட்டைத் தன் தொப்பிப் பட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்.

ஆகஸ்டில் பிஸ்கட் டப்பாவை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். செப்டம்பரில் கங்காணி வேலை போனது. வாய்க்கால் மதகு திறந்து மூடும் வேலை கொடுத்தார்கள், தனியாளாகச் செய்யும் வேலை. தெருவில் பார்த்தால் "என்ன கொமாத்ரே, சாக்கு எல்லாம் எப்படி?" என்பார், வேறொன்றும் பேச மாட்டார். காசிமிராவுக்கு ஒவ்வொரு நாளும் முதலாளி வீட்டுக்குப் போய் நின்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். செருப்பைக்கூட மாட்டுவாள். ஜனவரி வரட்டும், தம்பி நாற்காலியில் உட்காரட்டும், மறுநாளே போகிறேன் என்று செருப்பைக் கழற்றிவிடுவாள். ராணுவத்தார் முறை வைத்துக்கொண்டு லிப்ராதோவோடு வீடுவரை நடந்தார்கள். அவளும் சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் போய் நின்று அவன் தொப்பி தெரியும்வரை பார்ப்பாள். அவள் பயந்ததெல்லாம் அந்த ஒரு தலைக்காக. இன்னொரு தலையை யாரும் காவல் காக்கவில்லை.

அக்டோபர் கடைசியில், இறந்தவர்களுக்குக் கல்லறையில் சாமந்தி வைக்க எல்லாரும் பூப்பறித்துக்கொண்டிருந்த வாரம், நசாரியோவை மதகுக் கம்பியிலிருந்து எடுத்தார்கள். தவறி விழுந்தார் என்று ஷெரீஃப் எழுதிக்கொண்டார். அந்த வாய்க்கால் கரையில் இருபது வருடம் கண்ணை மூடிக்கொண்டு நடந்த மனிதர். தொப்பி கரையில் இருந்தது.

அவருக்காகச் சொன்ன ஜெபமாலைக்குக் கிழக்குத் தெரு முழுக்க வந்தது. சவப்பெட்டியின் தலைமாட்டில் எர்மீனியா உட்கார்ந்திருந்தாள், தொப்பி மடியில் இருந்தது. காசிமிராவைப் பார்த்ததும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இதைத் துவைக்கக்கூட விடலை கொமாத்ரே, மூணு மாசமா. பட்டைக்குள்ள இது இருந்தது. என்னன்னு கேட்டா, 'ஞானப்புள்ளயோடது, பத்திரம்'னாரு. உனக்குத்தான் சரடு தெரியுமே. இது என்ன?"

மூன்று முடிச்சு. கடைசி முடிச்சு இரண்டு சாண், மூன்றரை விரலில்.

"நான் கட்டினது" என்றாள் காசிமிரா. "அலசாம கட்டினது."

எர்மீனியா முதலில் தலையை ஆட்டினாள், சரி சரி என்பதுபோல. பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள். அவளும் கங்காணி வீட்டில் குடித்தனம் நடத்தியவள். அலசாத சரடு என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிடித்திருந்த கையை விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

அப்போதுதான் லிப்ராதோ உள்ளே வந்தான். பின்னால் தொப்பிகளோடு பத்துப் பேர். பெட்டி முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டான். கண் சிவந்திருந்தது. கூட்டத்துக்குக் கேட்கும்படியே சொன்னான்.

"அக்கா, ஜனவரியில நாற்காலியில உக்காந்ததும் நான் போடுற முதல் மனு மதகுக்கு இல்ல, இதுக்கு. ஆஸ்டின்ல இருந்து ஆளை வரவைப்பேன். இவருகிட்டேர்ந்து ஏன் டப்பாவை எடுத்தாங்க, எதுக்குக் கோவம், யாரு என்ன பண்ணாங்க, ஒருத்தரை விடாமக் கேப்பேன். அந்தச் சரட்டைத் தொட்ட ஒவ்வொரு கையையும் கேப்பேன்."

மாதாவின் படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவத்திகள் வாசல் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தன. வாசலுக்கு வெளியே ஒரு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. யாரும் இறங்கவில்லை.

காசிமிரா எழுந்தாள். எர்மீனியாவின் மடியிலிருந்து சரட்டை எடுத்து, தம்பியின் மூன்று விரல் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"கேளு" என்றாள். "முதல்ல என்னைக் கேளு."